அப்பா சொல்லாத கடைசிச் சொற்கள்

என் செல்ல அப்பாவுக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நம் மாரண்டஹள்ளி வீட்டில் இன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. கூடத்தில் சொந்தக்காரர்கள், மொட்டை மாடியில் கட்சிக்காரர்கள். நான் மாடிப்படிக்குக் கீழே, கொடிக் கம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். யாராவது வந்தால் சட்டென்று அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

நாளைக்கு உங்கள் படத்திறப்பு. கல்யாண மண்டபத்து மேடையில் உங்கள் படத்தைப் பெரிதாகப் போட்டுத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் வருகிறார்கள். துணியை விலக்கியதும் நான் மைக்கில் பேச வேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. மைக்கைப் பார்த்து மட்டும் இல்லை. எதற்கு என்று சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசலாமா?

வார்சா வீடு ஞாபகம் இருக்கிறதா? போலந்தில் நம் நாட்டுத் தூதரகத்தில் நீங்கள் வேலை பார்த்தபோது நான் யூகேஜி. ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் உங்கள் பெட்டியில் ராகி மாவு இருக்கும். ஒருமுறை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, இது என்ன பொடி என்று கேட்டார். நீங்கள் இரண்டு நாட்டு ஒப்பந்தத்தை விளக்குவது போல, களி கிண்டுவது எப்படி என்று அவருக்கு விளக்கினீர்கள். அவர் மோந்து பார்த்துத் தும்மினார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாங்க.

பெரிய பெரிய விருந்துகளுக்குப் போய்விட்டு வருவீர்கள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு, சமையலறையில் நின்றபடியே களியை உருட்டி விழுங்குவீர்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். "அங்க பரிமாறுனது பூரா பேச்சுதான் பாப்பா, வயிறு நெறயல" என்பீர்கள். உங்களுக்கு என்னப்பா வேலை என்று அப்போது ஒரு நாள் கேட்டேன். "இல்லைன்னு வாயால சொல்லாம, இல்லைன்னு புரிய வைக்கற வேலை" என்றீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கிளாசில் எல்லாரிடமும் அதையே சொன்னேன்.

நீங்கள் அந்த வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்க ஊருக்கு வந்தது பெரியப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. உங்கள் கூடப் பிறந்த அண்ணன், தக்காளித் தோட்டத்தைத் தவிர வேறு எதற்கும் கவலைப்படாதவர், அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. "நாலு நாட்டுக்காரன் சலாம் போட்டுட்டு இருந்தான். இவன் இங்க வந்து தெருத்தெருவா எல்லாருக்கும் சலாம் போடப் போறானாம்" என்று உங்கள் காதில் விழும்படியாகவே சொன்னார். நீங்கள் அவருக்கும் ஒரு சலாம் போட்டீர்கள். அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் பிரசாரத்துக்கு முதல் வண்டியை அனுப்பியதும் அவர்தான்.

அந்த முதல் தேர்தலில் காய்கறிச் சந்தைக்கு நானும் வந்திருந்தேன். கத்திரிக்காய்க் கூடையோடு ஓர் அக்கா உங்களை நிறுத்தி, எங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டார். நீங்கள் கைகூப்பி, உரிய துறைகளுடன் கலந்து பேசி, சாதகமான முறையில் பரிசீலிக்க முயற்சி எடுக்கப்படும் என்று ஆரம்பித்தீர்கள். அவர் கூடையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்.

"ஏஞ் சாமி, வருங்கறயா, வராதுங்கறயா? ஒண்ணு சொல்லிட்டுப் போ. எனக்கு பஸ்ஸு வந்துரும்."

சந்தையே சிரித்தது. உங்கள் முகம் சிவந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். நீங்கள் கூப்பிய கையை இறக்கினீர்கள். பிறகு, "இந்த வருஷம் வராதுங்க அக்கா" என்றீர்கள். கூட வந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "இதச் சொல்லவா இவ்ளோ நேரம்" என்று அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தேர்தலில் தோற்றீர்கள். அந்த ஒரு 'வராது'தான் காரணம் என்று கட்சியில் இன்னும் சொல்கிறார்கள்.

அடுத்த முறை ஜெயித்தபோதும் அதே 'வராது'தான் காரணம் என்று அவர்களே சொன்னார்கள். அப்புறம் நீங்கள் டெல்லிக்காரர் ஆகிவிட்டீர்கள். கட்சிக்கே அகில இந்தியப் பொதுச்செயலாளர். டிவியில் உங்களைப் பார்க்கும்போது சட்டைக் காலர் மடங்கியிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவீர்கள். சில மாதம் அதுவும் இருக்காது. நீங்கள் இல்லாத நாட்களில் வாசலுக்கு வந்தவர்களை உட்கார வைத்துக் கேட்டது, எந்த ஊருக்கு எது வேண்டும் என்று உங்களுக்குப் போனில் சொன்னது எல்லாம் அம்மாதான். அது டெல்லியில் யாருக்காவது தெரியுமா அப்பா?

இப்போது பயத்தைச் சொல்கிறேன்.

உங்கள் இடத்துக்குத் தேர்தல் வரப்போகிறது. அம்மாவை நிறுத்தலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அம்மாவுக்கும் ஆசை இருக்கிறது. நாளைக்கு வருகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்களாம். அதற்காக இன்று சாயங்காலம் மாவட்டம் வந்தார். கட்சியின் மாவட்டச் செயலாளர் மாமாவை எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுவார்கள்? நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். என்னைச் சோபாவில் பக்கத்தில் உட்கார வைத்து, நான் பேச வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார். நீங்கள் சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, 'எனக்கப்புறம் இந்த மக்களை அம்மாதான் பார்த்துக்கணும்' என்று சொன்னீர்களாம்.

நான் அங்கே இல்லையே மாமா என்றேன்.

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன பாப்பா? அவரு மனசுல இருந்தது அதுதான. ரெண்டே நிமிஷம். அழுகை வந்தா அழுதுரு, அடக்காத" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. உங்களைத் தூக்கிப் போகும்போது அவர்தான் எல்லாரையும் விடச் சத்தமாக அழுதார். ஆனால் அவர் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, அம்மா எதிரே உட்கார்ந்து நாளைய பூமாலைகளுக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்தாங்க. தலையைத் தூக்கவே இல்லை.

நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து, போனில். கணக்குப் பரீட்சை எப்படி என்று கேட்டீர்கள். சுமார் என்றேன். "சுமாருன்னா? பாஸுங்களா ஃபெயிலுங்களா மேடம்?" என்று சிரித்தீர்கள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "சரி, வந்து பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டீர்கள். அவ்வளவுதான். அதில் மக்களும் இல்லை, கட்சியும் இல்லை. நாளைக்கு நான் அந்தப் பொய்யைச் சொன்னால், இனிமேல் எல்லாரும் அதைத்தான் உங்கள் கடைசிப் பேச்சு என்பார்கள். கொஞ்ச நாளில் நானும் நம்பிவிடுவேனோ? உங்கள் இருமல் எனக்கு மறந்துபோகுமோ?

சொல்லாவிட்டால் அம்மாவுக்கு சீட் போய்விடும். அதுவும் பயம்.

அப்பா, இங்கே நிறுத்திவிட்டேன். நடுவில் ஒன்று நடந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வந்த அம்மா வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாங்க. திட்டவில்லை. கொடிகளை ஒதுக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாங்க. எப்படியோ சொல்லிவிட்டேன், என்னால் அதைச் சொல்ல முடியாது என்று.

அம்மா ஒரு கொடியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாங்க. "பொய்யின்னு எனக்குத் தெரியாதா? நீ பேசினா கிடைச்சிரும்னு ஒரு ஆசைடி. அதான் வாயத் தெறக்கல" என்றாங்க. அவங்க கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"அப்ப யாரும்மா பேசுவாங்க?"

"நான் பேசறேன். யார் யார் வூட்டுக்கு என்னென்ன வேணும்னு தெரியுமே, அதைப் பேசறேன். கைதட்டு வருமோ வராதோ." அப்புறம் என் தலையில் லேசாகக் குட்டினாங்க. "ஆனா மாவட்டத்துக்கிட்ட நீயேதான் சொல்லோணும். உங்கிட்டத்தான சொல்லிக் குடுத்தாரு."

அம்மா இதுவரை மைக்கைத் தொட்டதில்லை. சொதப்பிவிட்டால் அந்த டெல்லிக்காரர்கள் வேறு யாரையாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மா படுக்கப் போய்விட்டாங்க. தூங்கியிருக்க மாட்டாங்க.

விடிந்ததும் மாவட்டம் வருவார். கோபம் வந்தால் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும், உங்களுக்குத் தெரியும். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள மாட்டேன். பெரியப்பா முதுகுக்குப் பின்னால் நிற்க மாட்டேன். நேராகப் போய், அப்பா கடைசியாகப் பேசியது எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கட்டும் மாமா, மேடையில் அம்மா பேசுவாங்க என்று சொல்வேன். எனக்கு அழுகை வரும். வந்தாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அழுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் வீட்டுக்கு ஒரே பெண்ணான,
பாப்பா