காணாமல் போன இரண்டு அங்குலம்

மார்ச் 3
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எங்களுக்குப் புதுச் சீருடை. தையற்காரர் அளவெடுத்தார். நாலு வருடத்துக்கு முந்தின அளவைவிட நான் உயரத்தில் இரண்டு அங்குலம் குறைவாம். “உங்க நாடாவைத் துவைச்சுட்டீங்களா? இழுபட்டு நீண்டுபோச்சே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி அளக்கும்போது நுனிக்காலில் நின்றேன். பார்த்துவிட்டார். பழைய அளவையே எழுதிக்கொண்டார்.

மார்ச் 4
எங்கே போயிருக்கும்?

மார்ச் 9
அழுக்குத் துணி கொண்டுவந்த நர்ஸிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. முதுகு வலிக்கிறதா, மாதவிலக்கு நின்று எத்தனை வருடம் என்று கேட்டார். பத்து. உடனே டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

மார்ச் 12
“எப்ப விழுந்தீங்க?” என்றார் டாக்டர். விழவே இல்லையே.
முதுகெலும்பு அடுக்கில் ஒரு கட்டை நசுங்கியிருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் காட்டினார். அது மட்டும் உட்கார்ந்துபோன தலையணை மாதிரி. அதற்கு மேலே முதுகும் வளைந்திருக்கிறதாம்; இரண்டு அங்குலம் போனது இப்படித்தான். போன மழைக்காலத்தில் ஈரத்துணி மூட்டையைத் தூக்கும்போது சுரீர் என்றதே, தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனேனே — அதுதானாம். வலிக்காமலே எலும்பு கரையுமாம். ஒன்று உடைந்தால் இன்னொன்றும் சீக்கிரம் உடையலாமாம். பாரம் தூக்கக் கூடாது.
தூக்கறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்?

மார்ச் 13
தும்மல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 16
மேற்பார்வை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பன்னிரண்டு மூட்டை தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் முதுகுக்குள் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு.

மார்ச் 19
அக்கா வந்தாள். மூன்று வருடமாகக் கூனிக்கொண்டே போகிறாள். தரையில் என்ன தேடுறே என்று எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன்! இன்று சிலிண்டரை நகர்த்தக் குனிந்தாள். தொடாதே என்று கத்திவிட்டேன்.
“பைத்தியமாடி உனக்கு? வயசானா கூனத்தான் செய்யும்.”
“எனக்கு அம்பத்தி நாலுதான்க்கா.”
சொல்லும்போதே அழுதுவிட்டேன். படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தடவிக்கொண்டாள்.

மார்ச் 20
மேற்பார்வை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று திட்டினார். நாளையிலிருந்து துணி மடிக்கும் மேசை.

ஏப்ரல் 5
காலை ஆறு மணி. வெறும் வயிற்றில் வாரத்துக்கு ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். அரைமணி நேரம் படுக்கக் கூடாது. பக்கத்தில் அக்கா, அதே மாத்திரையோடு. படம் எடுத்ததில் அவளுக்கு இரண்டு கட்டை நசுங்கியிருக்கிறது.
“இதுலயும் என்னை முந்திட்டியே” என்றேன்.
சிரித்தாள். சிரிக்கும்போது முதுகைச் சுவரோடு அழுத்திக்கொண்டாள். நானும்.