வெந்நீர் ஓடை

பிப்ரவரி 4, செவ்வாய்
ஓடையில் வினாடிக்கு 61 லிட்டர். போன மாதத்தைவிட அதிகம். செந்தில்நாதன் சார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சுரங்கத்துக்காக ஓடை நீரை அளக்கும் எங்கள் ஆய்வு ஏஜென்சியின் சூப்பர்வைசர். மேனேஜர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். "சுரங்கத்தால ஓடை வத்துதுன்னு ஊரே கத்துது. பாருங்க முனவரா, நம்ம பாயிண்ட்டுல தண்ணி ஏறுது!" அந்த மனிதர் சிரித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அளந்தது நான்தான். எண் சரிதான்.

பிப்ரவரி 13, வியாழன்
கம்மாபுரம் தாண்டிப் போய் அளக்கிறேன். ஊரில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்று குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஓடைக்கரையில் நெல் போட்டிருக்கிற மாணிக்கம்மாள், "ஓடைல நெறைய ஓடுதுன்னு எழுதிக்கினு போறியே, அதையே மொண்டு குடி" என்றார். நான் என்ன சுரங்கம் தோண்டுகிறவளா? இருப்பதைத்தானே எழுதுகிறேன்? அந்தம்மாவுக்கு வாய் ரொம்ப நீளம்.

மார்ச் 12, புதன்
நோன்பு. காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். மாணிக்கம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "அந்த பூட்ஸக் கழட்டு. கால வெச்சிப் பாரு."

சண்டை வேண்டாமே என்று கழற்றினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காலை ஏழு மணிக்கு!

"இது ஓடத்தண்ணி இல்ல. சுரங்கத்துல ஆழத்துலேர்ந்து எறைச்சி ஊத்தற தண்ணி. எங்க ஊத்து மேல கீது, வா."

ஓடை வளைவுக்கு மேலே பாம்பு இருக்கிறது, போகாதீர்கள் என்று சார் சொல்லியிருந்தார். பாம்பு இல்லை. கருவேலம் புதருக்குள் ஒரு பெரிய குழாய் ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஓடை ஈர மணல்தான். ஊற்றில் வந்த தண்ணீர் மட்டும் சில்லென்று இருந்தது. அந்தம்மா குடத்தை வைத்தார். தைப்பொங்கலுக்கு இரண்டு நிமிடத்தில் நிறைந்ததாம். என் ஸ்டாப்வாட்ச்சில் 11 நிமிடம்.

ஊற்றடியில் பாசி பிடித்த பழைய அளவுக்கல். முன்னால் அங்கேதான் அளந்திருக்கிறார்கள். சார் குழாய்க்குக் கீழே புதுக்கல் நட்டு, வெள்ளையடித்து, எனக்கு பூட்ஸும் மாட்டிவிட்டிருக்கிறார். மூணு மாசமா எவனோ ஊத்தற தண்ணிய அளந்து ஓடைன்னு எழுதியிருக்கேன். ஒரு நாளாவது கைய வெச்சுப் பார்த்தேனா? ச்சீ!

மார்ச் 13, வியாழன்
சாரிடம் கேட்டேன். "பாயிண்ட் எதுங்கறது உங்க வேலை இல்ல. கட்டத்துல நம்பர் எழுதுங்க."

அடுத்த மாதம் சுரங்க விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். ஓடை குறையவில்லை என்று அறிக்கை போனால் ஊற்றை ஒட்டித் தோண்ட அனுமதி கிடைத்துவிடும். அப்புறம் ஊற்று ஏது?

மார்ச் 14, வெள்ளி
படிவத்தின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். எழுதினேன்: புதுக்கல்லடியில் குழாய் நீர், 36 டிகிரி. மேலே பழைய கல்லடியில் ஊற்று நீர், 28 டிகிரி. ஊற்றில் குடம் நிறைய 11 நிமிடம்.

மார்ச் 27, வியாழன்
குடம் 16 நிமிடம். எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை, மகராசன்.

ஏப்ரல் 22, செவ்வாய்
கூட்டம். அதிகாரி தாளைப் புரட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார். "குடம் பதினாறு நிமிடம்னா என்ன?" சார் என்னைப் பார்த்தார். அப்படியே சாப்பிட்டுவிடுவதுபோல ஒரு பார்வை. பின்வரிசையில் மாணிக்கம்மாள் எழுந்தார். "அது நான் வெச்ச கொடந்தாங்க."

பழைய கல்லிலேயே மறுபடி அளக்கச் சொல்லி உத்தரவு. அதுவரை ஊற்றுப் பக்கம் தோண்டக் கூடாது.

வெளியே வந்ததும் சார், "நாளைலேர்ந்து வர வேணாம். பூட்ஸ ஒப்படைச்சிட்டுப் போங்க." ஒப்படைத்தேன், சேறோடு. வீட்டில் அத்தா, "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்றார். வாயே திறக்கவில்லை அத்தா, எழுதத்தான் செய்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்
வேலை இல்லாத முதல் திங்கள். ஏழரைக்கு போன்.

"நாந்தான் மாணிக்கம்மா. அளக்க இன்னும் ஒருத்தனும் வரல. இன்னிக்கு இருபத்திரெண்டு நிமிசம் ஆவுது. எழுதிக்க."

"கைய வெச்சுப் பாத்தீங்களா?"

"வெச்சிக்கினுதான் பேசறேன். சில்லுனுதான் கீது."

ஊற்று, காலை 7.30. குடம் 22 நிமிடம். சில்லென்று இருக்கிறது.