ஐயர் கையும் என் புது பாஸ்போர்ட்டும்

மஸ்கட்
13.11.2025, வியாழன், பகல் 12.20. கையில் புது பாஸ்போர்ட் ஒன்று. அதில் உன் பெயர் ஒரு தடவை.

அன்புள்ள ஜெபசுதாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். மாமாவுக்குச் சளி விட்டுதா? பாடம் நடத்துற மும்முரத்திலும் நீ பள்ளிக்கூடத்தில் நேரத்துக்குச் சாப்பிடுதியா?

துறைமுகம் துறைமுகமாகக் கிரேன் ரிப்பேருக்கு ஓடி, பழைய பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடமில்லை. புதுசில் உன் பேரும் இருந்தால்தான் உனக்கு விசா என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிட்டாங்க. அதுக்கு நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கிற படம் வேணுமாம். நம்ம கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நம்ம சர்ச் பாதிரியார், சபை ஐயர் நிற்கார். கத்தரிக்கோலால் அவரை வெட்டினேன். உன் தலையில் வைத்து ஆசீர்வதித்த கை மட்டும் நின்னுட்டு.

பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அக்கா உற்றுப் பார்த்தாங்க. "தம்பி, இது யார் கை?"

"கல்யாணம் நடத்தி வச்ச ஐயர் கை."

"அப்ப அவர் பேரையும் சேர்த்துருவோமா?"

வரிசையே சிரிச்சுது, நானும்தான். கடைசியில், நான் ஊரிலிருந்து கிளம்பின அன்றைக்கு ரயில்வே ஸ்டேஷனில் உன் தம்பி பெனிஸ்டன் நம்ம ரெண்டு பேரையும் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அழுது மூக்கு சிவந்து நிற்கிறியே, அதுதான். ஒத்துக்கிட்டாங்க.

தூத்துக்குடியிலிருந்து யாராவது வந்தால் மக்ரூன் கொடுத்துவிடு. உன் தலையணை உறை ஒண்ணும் வேணும். இங்கன வாங்கினது சரியில்லை.

வேன்காரன் ஹாரன் அடிக்கான். இனி செய்யப் போறது:

1. ஞாயிற்றுக்கிழமை உன் விசாவுக்கு விண்ணப்பம்.
2. ரெண்டு பேருக்குத் தகுந்த வீடு.
3. நீ வருகிற அன்றைக்கு லீவு. விமானம் எவ்வளவு தாமதமானாலும், யாரையும் திட்டாமல் ஏர்போர்ட் வாசலில் நிற்பேன்.

பிரைட்டன்