முதல் டீசல் வண்டி

பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் இறக்கியவர்கள் இன்று காலை நம் வாசலில் டீசலைச் சிந்திவிட்டார்கள். மரத்தூள் போட்டுத் துடைக்கச் சொன்னேன். துடைத்த லட்சணம் பிடிக்காமல் மறுபடியும் துடைக்க வைத்தேன். கறை போய்விட்டது. வாசம் மட்டும் கூடத்துக்குள் வந்து, நீங்கள் இருந்த காலத்தில் வேலை முடிந்து வந்து நிற்பதுபோல நின்றது. அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணமான புதிது. திண்டுக்கல் பஸ் ஷெட்டில் நீங்கள் தலைமை மெக்கானிக், எல்லாருக்கும் மேஸ்திரி. ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவீர்கள். அந்த ஷெட்டில் புத்தகம் பார்த்து வேலை செய்வது கேவலம். "சோறு திங்கவும் புஸ்தகம் பாப்பியாலே?" என்பார்கள்.

ஐம்பதுகளின் பிற்பாதியில் முதலாளி முதல் டீசல் பஸ்ஸை வாங்கினார். பெட்ரோல் எஞ்சினிலேயே பழகிய உங்கள் காதுக்கு அது ஆகவில்லை. "தட்டுது, உள்ளே ஏதோ போயிருச்சு" என்று வந்த நாளிலிருந்து புலம்பினீர்கள். ஒருநாள் வத்தலக்குண்டு சாலையில் டீசல் தீர்ந்து அது நின்றது. டாங்கை நிரப்பினால் பெட்ரோல் வண்டி கிளம்பிவிடும். இது கிளம்பவில்லை. ஷெட்டுக்கு இழுத்து வந்து பாதி எஞ்சினைப் பிரித்து மாட்டியும் பயனில்லை. மதுரையிலிருந்து டீசல் தெரிந்த ஒருவரை வரவழைப்பதாகவும், இனி அவர்தான் மேஸ்திரி, நீங்கள் அவருக்குக் கீழே என்றும் முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைச் சாராயப் புட்டி மாதிரி துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

"மதர், இத செத்த வாசி."

கான்வென்டில் படித்த நான், அங்கிருந்த கன்னியாஸ்திரி மதரைப்போல எதற்கும் திருத்தம் சொல்வேன் என்று எனக்கு நீங்கள் வைத்த பெயர் அது. வாசித்தேன். எனக்கு வார்த்தை தெரிந்தது. அது எஞ்சினில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உங்களுக்கு எல்லா இடமும் தெரியும், வார்த்தை தெரியாது.

"வீட்ல உக்காந்து ஆகாது. நாளைக்கு ஷெட்டுக்கு வா."

"அத்தனை ஆம்பளைங்க முன்னாடியா?"

"போகப்போறது என் வேலை. வெக்கப்பட வேண்டியவன் நானு. நீ வா."

கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்தேன். டிரைவர் காதர் பாய் உரக்கக் கேட்டார்: "ஏன் மேஸ்திரி, வீட்ல வாங்குறது பத்தாதுன்னு இங்கயும் கூட்டியாந்துட்டீகளா?"

"ஆமா பாய். நீங்களும் சிலேட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க."

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்தால் எஞ்சின் எழும்பாது. இந்தத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்க வேண்டும். குமிழி நிற்கும்வரை விடக்கூடாது. நீங்கள் அடித்தீர்கள். நுரை நுரையாக வந்தது. பிறகு டீசல் மட்டும் வந்தது. எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. ஷெட்டே கத்தியது. நான் புத்தகத்தை மூடினேன்.

"மூடாத. அடுத்த பக்கம் என்ன சொல்லுது?"

டீசல் எஞ்சினுக்குத் தட்டும் ஒலி இயல்பு என்று அடுத்த பக்கம் சொன்னது. "அடப் பாவி, இம்புட்டு நாளா அதயா நோவுன்னு நெனச்சேன்!" என்று நீங்கள் சிரித்ததில் எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளி தோளில் தட்டினார். "மதுரைக்காரர வர வேணாம்னு சொல்லிர்றேன் மேஸ்திரி."

"வரட்டும் மொதலாளி. அவருகிட்டக் கேக்க நெறைய இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெயித்துவிட்டு எதிராளிக்குக் கதவு திறப்பார்களா? அவர் வந்தார். ஸ்டூலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து நீங்கள் பாடம் கேட்டதைக் கேள்விப்பட்டு நான் உங்களோடு பேசவில்லை. "தெரிஞ்சவன் வாசலுக்கே வாரான். வராதன்னு சொல்லச் சொல்றியா மதர்?" என்றீர்கள். அந்த வாரமே அவர் மதுரைக்குத் திரும்பினார். மேஸ்திரி வேலை உங்களிடமே இருந்தது. என் கோபம்தான் இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

பிறகு நான் பள்ளி ஆசிரியை ஆனேன். அறுபதுகளில் படியும் வீசையும் போய், லிட்டரும் கிலோவும் பாடத்துக்கு வந்தன. எங்களுக்குப் பயிற்சி தர வந்தவள் என்னைவிட இளையவள். என் தங்கையாக இருந்திருக்கலாம். மற்ற ஆசிரியைகள் கைக்குட்டையால் வாயை மூடிச் சிரித்தார்கள். என் முதுகும் விறைத்தது. ஆனாலும் முதல் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். "டீச்சர், எனக்கு இது வெளங்கலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று முதலில் கேட்டவள் நான்தான்.

உங்களைப்போலச் சிரித்துக்கொண்டே கேட்க எனக்கு வரவில்லை. புதிதாக ஒன்றைச் சொல்லித்தர யாராவது வந்தால் இன்றும் முதுகு விறைக்கத்தான் செய்கிறது. விறைத்த முதுகோடேயே போய்க் கேட்டுவிடுகிறேன்.