கோட்டுக்கு மேலே

ஜூன் 3

குடமுருட்டிப் பாலத்தோடு திரும்பிவிட்டேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. முன்சக்கரமும் அதற்கு முன்னால் ஒரு முழம் ரோடும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்க்கவும் கழுத்து வரவில்லை.

முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வருகின்றன என்று டாக்டர் படம் காட்டிச் சொல்லி மூன்று மாதமாகிறது. சைக்கிளை விடக்கூடாதாம், விட்டால் இன்னும் இறுகுமாம். ஆனால் விழவே கூடாதாம். இந்த எலும்பு முறிந்தால் ஒட்ட வைப்பது கஷ்டம் என்றார். நாற்பத்து மூன்று வயதில் இதென்ன உடம்பு?

ஜூன் 7

என் வீட்டுக்காரர் கலையரசன் தன் பல் கிளினிக்குக்கு லீவு விட்டுவிட்டு, சைக்கிளைக் காரில் ஏற்றிப் பொன்மலையில் ஆஷ்லியின் பட்டறைக்குக் கூட்டிப்போனார். என் கை, கால், முதுகு எல்லாம் அளந்து இந்த ஸ்டீல் சைக்கிளைக் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். அந்த முதுகு இப்போது இல்லை.

ஹேண்டில்பாரைத் தாங்கி வண்டிக்குள் இறங்குகிற ஸ்டெம்மை உருவிக் காட்டினாள். அதில் குறுக்காக ஒரு கோடு. "இந்தக் கோடு எப்பவும் உள்ளே இருக்கணும்க்கா. வெளியே தெரியுற அளவுக்குத் தூக்கினா பிடிமானம் பத்தாது. ஒரு மேட்டுல கையோட வந்துடும்." ஹேண்டில்பார் இன்னும் உயர்ந்தால்தான் நான் நிமிர்ந்து உட்கார முடியும்; ஆனால் ஏற்கெனவே கோடு வரைக்கும் தூக்கியாகிவிட்டது. நீளமான ஸ்டெம் வரவழைத்துத் தருகிறேன், மூன்று வாரம் பொறுங்கள், அதுவரை ஓட்ட வேண்டாம் என்றாள்.

கலையரசனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஜூன் 12

ஓட்டாத நாளெல்லாம் உடம்பு பலகை.

ஜூன் 19

தலைக்கு ஊற்றக் குனிய முடியவில்லை. பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் வெளியே கேட்டிருக்கும்போல. அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறார். ஊரில் இருக்கிறவன் பல்வலிக்கெல்லாம் மருந்து இருக்கு, உனக்கு ஒண்ணும் பண்ண முடியலையே என்றார். ஒண்ணும் பண்ண வேண்டாம், ஸ்டெம் வரட்டும் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் என்னை எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்தார். ஹேண்டில்பார் நாலு விரற்கடை உயர்ந்திருந்தது. கோடு பளிச்சென்று வெளியே.

வேண்டாங்க, இறக்கிடுங்க என்றேன். போல்ட்டை நல்லா முறுக்கியிருக்கேன், அசையாது என்றார். நான் ஏறவில்லை. "சரி, முதல்ல நான் ஓட்டிப் பார்க்குறேன். எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நீ ஓட்டு" என்று கிளம்பிவிட்டார். அம்மா மண்டபம் ரோட்டில் வேகத்தடை. ஏறும்போது ஹேண்டிலைப் பிடித்து இழுத்திருக்கிறார் —

நான் போனபோது ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். வலது முழங்கை திரும்பியிருந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஸ்டெம் வண்டியை விட்டு முழுசாகக் கழன்று கிடந்தது.

ஜூன் 23

ஆபரேஷன் முடிந்தது. வலது கையில் கடைசி இரண்டு விரலில் உணர்ச்சி இல்லையாம். நரம்பு. நாளாகுமாம். வருமா, வராதா? அதைச் சொல்ல மாட்டேன்கிறாங்க.

பல் பிடுங்குற கை. ஏன் இப்படிப் பண்ணீங்க? அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியலை. எனக்காகத்தானே. அதுதான் கோபமே.

ஜூலை 6

புது ஸ்டெம்மோடு ஆஷ்லி வந்தாள். கோடு நன்றாக உள்ளே போன பிறகும் ஹேண்டில்பார் எனக்கு வேண்டிய உயரத்தில் நின்றது. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கையும் கழற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். முன்சக்கரத்தைத் தன் முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, ஹேண்டிலை என்னைத் திருகிப் பார்க்கச் சொன்னாள். அசையவில்லை. அவர் உள்ளறையிலிருந்து வரவே இல்லை.

ஜூலை 20

அந்தச் சைக்கிளை வித்துடு என்கிறார். நான் அதைத் துடைத்து உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 14

விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன. கிளினிக்கை வேறொரு டாக்டர் எடுத்துக்கொள்கிறார்.

செப்டம்பர் 2

கிளினிக் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, ஈசிசேரில் சாய்ந்தவர் இரண்டு நாளாக எழவில்லை. என் உடம்பு இறுகுவதைப் பார்த்து அவர் பட்ட பாடு இதுதானா?

செப்டம்பர் 9

அவர் தூங்குகிறார் என்று நினைத்துச் சைக்கிளை எடுத்தேன். தலை நிமிர்ந்தே இருந்தது. ஜீயபுரம் வரை வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். வலி இருந்தது, ரோடும் தெரிந்தது.

திரும்பியபோது கேட் திறந்திருந்தது. அவர் வாசலில் நின்றிருந்தார். நான் இறங்குகிறவரை இடது கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டார்.