இரண்டாவது டிக்கெட்டில் என் பெயர்

நவம்பர் 12, புதன்

திங்கட்கிழமை கப்பல். கொச்சியிலிருந்து கொழும்புக்கு நாலு நாள் போய்த் திரும்பி, அன்றைக்கே அதே கப்பலில் மாலத்தீவுக்கு இன்னொரு நாலு நாள். நடுவில் ரூம் மாற வேண்டாம், பெட்டியைக்கூட மூட வேண்டாம் என்றார் டிராவல்ஸ் அண்ணாச்சி. நம்பித்தான் இருந்தேன்.

இன்றைக்கு டிக்கெட் வந்தது. முதல் டிக்கெட்டில் கிருபை சாமுவேல். இரண்டாவதில் கிருபை தங்கராஜ், இவர் பேரோடு. பாஸ்போர்ட்டில் இருப்பது அப்பா பேர் சாமுவேல்தான். கல்யாணமாகியும் நான் இனிஷியலை மாற்றவில்லை.

போன் போட்டேன். "ரெண்டும் நீங்கதான மேடம்? அப்பா பேருல போறிய, வீட்டுக்காரர் பேருல வாரிய" என்று அண்ணாச்சி சிரிக்கிறார். கொச்சியில் பாஸ்போர்ட் பார்க்கிறவன் சிரிப்பானா? அப்படி யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன்.

"சார்தான் எழுதித் தந்தாவ."

இவரைக் கேட்டால் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் ரெண்டையும் ஒண்ணுபோலதாம்ளா எழுதினேன்" என்கிறார். இரண்டு பேரில் ஒருவர் புளுகுகிறார்.

துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷனுக்குக் கப்பல் ஏறினால் குமட்டும். ஒரு பயணம் போதும் என்று முதலிலிருந்தே முனங்கிக்கொண்டுதான் இருந்தார். முதல் நாலு நாள் முடிந்து, பேர் ஒத்துவரவில்லை என்று கொச்சியில் என்னை இறக்கிவிட்டால், பெண்டாட்டியைத் தனியே விட மனசில்லாத புருஷனாக இவரும் கூடவே இறங்கிவிடலாம்.

சே, அப்படியும் நினைப்பாரா? நாளைக்கு நானே டிராவல்ஸ் கடைக்குப் போய்ப் பேரைத் திருத்திவிடுவேன்.

இவர் குளிக்கப் போனதும் இவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். எட்டு நாளைக்கு நாலே நாலு சட்டை.