நான் திருத்திய தோள்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. ஏழு வருட வேலை. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஐந்து வாரம். தவறினால் பதிவு ரத்தாகிவிடும். இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

என் வாதம் எளிமையானது: உருவம் வரையும் வகுப்பில் ஒரு செமஸ்டருக்குள் மாணவர்களின் பார்வை தேறுகிறது. ஒரே மாடல், ஒரே நாற்காலி, இருபத்திரண்டு மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் முதல் வாரப் படம் ஒன்று, கடைசி வாரப் படம் ஒன்று.

நெறியாளர் என்னைவிட ஒன்பது வயது சின்னவர். "படங்களே பேசுது மேடம், நீங்க குறைச்சுப் பேசுங்க" என்றார். நான் அதிகம் பேசுகிறேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

புகைப்படம் எடுப்பதற்காகப் படங்களை ஸ்டூடியோச் சுவரில் வரிசையாக மாட்டினேன். மாடலாக உட்காருபவர் டீயோடு வந்து நின்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பிள்ளைகளுக்கு டிரைவரண்ணன்.

"இந்தப் பக்கம் இருக்கறது நான். அந்தப் பக்கம் இருக்கற ஆளு யாரு மேடம்?"

"அதுவும் நீங்கதான். கடைசி வாரம் போட்டது."

"எனக்கு ஒரு தோள் இறங்கியிருக்குமே. முப்பது வருஷம் வண்டி ஓட்டுனது. முதல்ல போட்டதுல சரியா இருக்கு. அப்புறம் யாரோ வைத்தியம் பண்ணியிருக்காங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். வைத்தியம் பார்த்தது நான்.

வகுப்பில் சுற்றி வருவேன். பென்சிலை அவர்கள் கையிலிருந்து வாங்கி, "இப்படி" என்று ஒரு கோடு போட்டுவிட்டு நகர்வேன். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். இன்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கழுத்தருகே அழுத்தி, கைப்பக்கம் வந்ததும் லேசாக விடும் கோடு. கடைசி வாரப் படங்களில் பத்தொன்பதில் தோள் என்னுடையது. மீதி மூன்று பேர் அடுத்தவரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

தேறினார்கள் என்று எழுதியிருக்கிறேன். எது தேறியது?

பிப்ரவரி 7, சனி

யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆய்வேட்டை மதிப்பிடுபவர்கள் டிரைவரண்ணனைப் பார்க்கவா வரப்போகிறார்கள்? அப்படியே கொடுத்துவிட்டால் என்ன — கொடுத்துவிட்டால் —

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். "உண்மையைச் சொன்னா என்ன ஆகும்? டாக்டர்னு கூப்பிட மாட்டாங்க. நான் இப்பவும் அப்படிக் கூப்பிடலையே."

சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

நெறியாளரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சொல்லாமலே கொடுத்திருக்கலாமே மேடம். நானே கவனிக்கல."

"கொடுத்திருக்கலாம். ஆனா பொய்யாச்சே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "அந்தப் படங்களைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு டீச்சரோட கை என்ன பண்ணுதுங்கறதுக்கு இதைவிட ஆதாரம் எங்க கிடைக்கும்? தலைப்பை மாத்துவோம். அவகாசம் கேட்டுப் பார்ப்போம்."

ஆறுதலுக்குச் சொல்கிறாரா? ஆறுதல் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அவர் அதற்குள் குறிப்பெடுக்க ஆரம்பித்திருந்தார்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஆய்வுக் குழு கூடியது. மூத்த பேராசிரியர் கேட்டார்: "இருபத்தஞ்சு வருஷமா இதைத்தான் பண்ணிட்டிருந்தீங்களா?"

"ஆமா சார். நீங்களும்தான்."

நானா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். நெறியாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாத அவகாசம் கிடைத்தது. ஒரு நிபந்தனை: ஒரு செமஸ்டர் முழுக்கத் தாளைத் தொடாமல் சொல்லித் தந்து, ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

ஜூலை 14, செவ்வாய்

புது மாணவர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜெயில் வார்டன் மாதிரி நடந்தேன். எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஜூலை 29, புதன்

துறைத் தலைவருக்கு எழுத்து மூலமாகப் புகார்: மேடம் எதுவும் சொல்லித் தருவதில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

கோடு போடக்கூடாது; கேள்வி கேட்கலாமே. இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை? "நாற்காலி முதுகுக்கும் டிரைவரண்ணன் கழுத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு?" என்று கேட்டேன். அந்தப் பையன் பத்து நிமிடம் பென்சிலையே எடுக்காமல் பார்த்தான். பிறகு அழித்துவிட்டுப் போட்டான். கோணல்தான். ஆனால் அவனே பார்த்துப் போட்ட கோணல்.

முழுதாகத் தேறியது என்று எழுத மாட்டேன். ஒருமுறை பட்டது போதும்.

செப்டம்பர் 18, வெள்ளி

எப்போதும் கரி அப்பிய விரல்களோடு திரிவதால் 'கரிக்கை' என்று பெயர் வாங்கிய பெண். புகாரில் முதல் கையெழுத்து அவளுடையது. இன்று முழங்காலை வரைய வராமல் திணறிக்கொண்டிருந்தாள். என்னையும் அறியாமல் என் கை அவள் தாளுக்குப் போய்விட்டது.

அவள் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இருங்க மேம். நான் இன்னும் பார்த்து முடிக்கல."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போனேன்.

அறைக்கு வந்ததும் ஐந்தாம் அத்தியாயத்தைத் தொடங்கினேன். நாலு பக்கம் நிற்காமல் வந்தது. எழுதி முடித்த பிறகுதான் நினைவு வந்தது, அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. திங்களன்று கேட்க வேண்டும்.